பாலமா, பூங்காவா, பரிசா?

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் கட்டப்படாத ஒரு பாலத்துக்கு 5.35 கோடி பவுண்டு செலவாகியிருக்கிறது. அதில் 4.3 கோடி பவுண்டு மக்களின் வரிப்பணம். கணக்கு வெளியான 2019ஆம் ஆண்டின் மதிப்பில் நம் ரூபாயில் ஏறக்குறைய 400 கோடி. ஆற்றில் ஒரு தூண்கூட எழும்பவில்லை. ஆனாலும் நிதி திரட்ட நடத்திய விருந்து விழாவுக்கு 4,17,000 பவுண்டு, இணையதளத்துக்கு 1,61,000 பவுண்டு, கட்டுமான ஒப்பந்தக்காரர்களுக்கு 2.14 கோடி பவுண்டு என்று பட்டுவாடா மட்டும் ஒழுங்காக நடந்து முடிந்திருக்கிறது. இப்படி ஒரு கணக்கைப் படித்தவுடன் யாரோ சுருட்டிவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் கணக்குகளைப் பார்த்துவிட்டு நிதி முறைகேடு எதுவும் இல்லை என்றே சொன்னது. திருட்டு இல்லாமல், கொள்ளை இல்லாமல், படித்த பெரியமனிதர்கள் கூடிப் பேசி, கையெழுத்துப் போட்டு இவ்வளவு பணத்தை ஆற்றில் விட முடிந்தது எப்படி என்பதுதான் இந்த விவகாரத்தில் விளங்கிக்கொள்ள வேண்டிய சங்கதி.

பாலத்தின் கதை 1998இல் தொடங்குகிறது. இளவரசி டயானா இறந்த மறு ஆண்டு. அவர் நினைவாக ஆற்றின் மேல் ஒரு தோட்டம் அமைக்கலாம் என்று யோசனை சொன்னவர் நடிகை ஜோவன்னா லம்லி. ஸ்ரீநகரில் பிறந்தவர், பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றிய கூர்க்கா வீரர்கள் பிரிட்டனில் குடியேறும் உரிமைக்காகப் பின்னாளில் போராடி அரசைப் பணிய வைத்து, நாடு முழுவதும் நல்ல பெயர் வாங்கியவர். 1998இல் அந்த யோசனையை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2012 மே மாதம் போரிஸ் ஜான்சன் இரண்டாம் முறையாக லண்டன் மேயராகத் தேர்வானபோது லம்லி வாழ்த்துக் கடிதம் எழுதினார். அதிலேயே தோட்டப் பாலத்தையும் நினைவுபடுத்தினார். அந்த ஆண்டு ஒலிம்பிக் தொடக்க விழாவில் செம்பு இதழ்கள் ஒவ்வொன்றாக எழுந்து ஒரே சுடராகக் குவிந்த தீபத்தைச் செய்து உலகப் புகழ் பெற்றிருந்தார் வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக். நடிகையின் கனவு, அந்தக் கலைஞரின் கை, மேயரின் உற்சாகம் மூன்றும் ஒன்று சேர்ந்தன.

வடிவம் அழகாகத்தான் இருந்தது. அதை மறுத்துவிட்டு இந்த விவாதத்தைப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆற்றின் நடுவே இரண்டு தூண்கள். அவை கீழே ஒடுங்கி, மேலே போகப்போகக் காளான் குடை மாதிரி விரிகின்றன. செம்பு நிக்கல் கலந்த தகடு போர்த்தியதால் பொன்னிறம். விரிந்த அந்த இரண்டு குடைகளின் மேல் மண் நிரப்பி 270 மரங்கள், ஆயிரக்கணக்கான செடிகள். நீளம் 366 மீட்டர், அகலமான இடத்தில் 30 மீட்டர். வடகரையில் டெம்பிள் சுரங்க ரயில் நிலையத்தின் மொட்டைமாடியிலிருந்து கிளம்பி, தென்கரையில் மக்கள் உலாவும் ஆற்றோரப் பாதையில் போய் இறங்கும். தோட்டங்களை அமைக்கும் பொறுப்பு டான் பியர்சனிடம். பொறியியல் வேலை ஆரப் நிறுவனத்திடம். படங்களைப் பார்த்தவர்கள் மயங்கியதில் வியப்பில்லை. தொடக்கத்தில் நடந்த கருத்துக் கேட்புகளில் பெரும்பான்மையோர் ஆதரவே தெரிவித்தார்கள். “ஆற்றின் மேல் தோட்டம் வேண்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று யார்தான் சொல்வார்?

கோளாறு வேறிடத்தில் இருந்தது. இந்தத் திட்டத்துக்குக் கடைசிவரை ஒரே முகம் இருக்கவில்லை. பணம் கேட்கும்போது அது பாலம். பாலத்துக்கான கேள்விகளைக் கேட்டால் அது பூங்கா. பூங்காவுக்கான கேள்விகளைக் கேட்டால் அது நல்ல மனம் படைத்தவர்கள் லண்டனுக்குத் தரும் பரிசு. பரிசை அப்படியெல்லாம் குடைந்து கேட்பது பண்பாடா? எந்தக் கேள்வியும் அதன் மேல் நிற்கவில்லை. பொதுப்பணம் கேட்டு வரும் ஒரு திட்டம், தான் என்ன பொருள் என்பதை முதலில் ஒரு வார்த்தையில் சொல்லி, அந்தப் பொருளுக்கான பரீட்சையை எழுத வேண்டும். தோட்டப் பாலம் அந்தப் பரீட்சையிலிருந்து ஒவ்வொரு முறையும் நழுவியது. பணம் கரைந்ததன் மூலகாரணம் அந்த நழுவல்தான் என்பது என் வாதம்.

பாலம் என்ற முகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பொதுப்பணமாக ஒதுக்கப்பட்ட 6 கோடி பவுண்டில் பாதி லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் பணம். மறுபாதி நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வாக்களித்து, மத்தியப் போக்குவரத்துத் துறை வழியாக வந்தது. பேருந்துக்கும் ரயிலுக்கும் சாலைக்குமான கருவூலங்கள் இவை. அப்படியானால் போக்குவரத்துக் கேள்வியைக் கேட்கத்தானே வேண்டும்: ஆற்றைக் கடக்க வழியில்லாமல் அங்கே யார் தவிக்கிறார்கள்? மேற்கே சில நூறு மீட்டர் நடந்தால் வாட்டர்லூ பாலம். கிழக்கே பிளாக்ஃப்ரையர்ஸ் பாலம். நடந்து போகிறவர்களுக்கென்றே அதே பகுதியில் 2000இல் மில்லெனியம் பாலமும், 2002இல் ஹங்கர்ஃபோர்டு ரயில் பாலத்தின் இருபுறமும் கோல்டன் ஜூபிலி நடைபாலங்களும் வந்திருந்தன. உலகிலேயே பாலங்கள் நெருக்கமாக அமைந்த ஆற்றுப் பகுதிகளில் அதுவும் ஒன்று என்று சொல்லலாம். கிழக்கு லண்டனின் நிலைமை வேறு. டவர் பிரிட்ஜைத் தாண்டிக் கடல் வரைக்கும் நடந்து கடக்க ஒரு பாலம்கூடக் கிடையாது. கிரீனிச்சில் 1902இலும் உல்விச்சில் 1912இலும் துறைமுகத் தொழிலாளிகளுக்காகத் தோண்டிய நடைச் சுரங்கங்கள்தான் இன்றும் கைகொடுக்கின்றன, இல்லாவிட்டால் படகு. வசதி குறைந்த மக்கள் பெருமளவில் வாழும் பகுதி அது. ஆற்றைக் கடக்கும் பிரச்சினைக்கு ஒதுக்கிய பணம், பிரச்சினை இல்லாத இடமாகப் பார்த்துப் போனது.

இதைச் சுட்டிக்காட்டியபோது வந்த பதில், இது வெறும் பாலம் இல்லையே, இளைப்பாறும் இடமல்லவா என்பது. சரி, பூங்கா என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பூங்காவாகப் பார்த்தால் அதன் விதிமுறைகள் விசித்திரமானவை. நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை மூடியிருக்கும். சைக்கிளை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் பொதுமக்களுக்கு அடைக்கப்படும். எட்டுப் பேரும் அதற்கு மேலும் சேர்ந்து வந்தால் முன்கூட்டியே தகவல் தந்து அனுமதி கேட்க வேண்டும் என்று திட்ட அனுமதிக்கான முதல் ஆவணங்கள் சொல்லின. இரண்டு குடும்பங்கள் ஒன்றாகப் புறப்பட்டாலே மனு எழுத வேண்டியிருக்கும். வருகிறவர்களின் கைபேசி சமிக்ஞையை வைத்து நடமாட்டத்தைக் கணக்கிடுவார்கள். பட்டமும் இசைக்கருவியும் தடை செய்யப்பட்ட பொருட்கள். காவல் பணியாளர்கள் அவற்றைப் பறிமுதல் செய்யலாம். ஆண்டுக்கு 70 லட்சம் பேர் வருவார்கள் என்ற மதிப்பீட்டையும் சேர்த்துப் பார்த்தால், மர நிழலில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கும் படங்களுக்கும் நிஜத்தில் நடக்கவிருந்த நெரிசலுக்கும் உள்ள தூரம் புரியும். இன்னொரு வேடிக்கை: ஆற்றின் மேல் 270 மரங்களை நடுவதற்காகத் தென்கரையில் ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் சுமார் 30 மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. அங்கிருந்த புல்வெளியில் ஒரு பகுதியும் பாலம் இறங்கும் கட்டடத்துக்குப் போயிருக்கும். அதைவிட முக்கியம், அந்தப் பாலத்தில் பொதுமக்களுக்கு வழியுரிமையே கிடையாது. ஒரு சாதாரணத் தெருவில் நடக்க நமக்கு இருக்கும் உரிமை அங்கே இல்லை. உரிமையாளர் திறந்துவிட்டால் போகலாம்.

உரிமையாளர் யார்? இங்கேதான் மூன்றாவது முகம். கார்டன் பிரிட்ஜ் அறக்கட்டளை என்ற தனியார் அமைப்பு. பெரும்பகுதிப் பணத்தை நன்கொடையாகத் திரட்டிப் பாலம் கட்டி நகரத்துக்கு வழங்குவது அதன் நோக்கம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். லண்டனில் மாடு வந்து சேரவில்லை. வாங்குகிறவன் தொழுவத்துக்கும் தீவனத்துக்கும் முன்பணம் கட்டியாகிவிட்டது. 2013இல் 6 கோடி பவுண்டில் முடியும் என்று பேசப்பட்ட பாலம், பிறகு 17.5 கோடி ஆனது, கடைசியில் 20 கோடியைத் தாண்டியது. மதிப்பீடு ஏற ஏற நன்கொடை ஏறவில்லை. வாக்களித்திருந்த பெரிய நன்கொடையாளர்கள் சிலர் பின்வாங்கினார்கள். கட்டிய பிறகு ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் பவுண்டு பராமரிப்புக்குத் தேவை என்று கணக்கிடப்பட்டது. அறக்கட்டளையால் அதைத் திரட்ட முடியாமல் போனால் யார் பொறுப்பு? மேயர் உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது திட்ட அனுமதியின் நிபந்தனை. ஆக, லாபப் பெயர் நன்கொடையாளருக்கு, நஷ்டப் பயம் வரி கட்டுகிறவருக்கு. 2015 நவம்பரில், பாலம் இறங்கவிருந்த தென்கரையின் லாம்பெத் நகரசபை முரண்டு பிடித்ததால், போக்குவரத்துக் கழகத்தின் 3 கோடியில் 2 கோடி பவுண்டு மானியமாக இல்லாமல் 50 ஆண்டுக் கடனாக மாற்றப்பட்டது. மக்களின் சுமை குறைந்துவிட்டது என்று அப்போது பெருமையாக அறிவித்தார்கள். கடன் வாங்கிய அறக்கட்டளை இரண்டு ஆண்டு முடிவதற்குள் கடையைக் கட்டியது.

முகம் மாறிக்கொண்டே இருந்ததன் விளைவை வடிவமைப்பாளரைத் தேர்ந்தெடுத்த விதத்தில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். 2013இல் போக்குவரத்துக் கழகம் மூன்று நிறுவனங்களை மட்டும் அழைத்தது. ஒன்று, கேட்ஸ்ஹெட் மில்லெனியம் பாலத்தைக் கட்டி 2002இல் பிரிட்டனின் மிக உயர்ந்த கட்டடக்கலை விருதான ஸ்டெர்லிங் பரிசு பெற்ற வில்கின்சன் ஐயர். இன்னொன்று, லண்டன் ஐ ராட்டினத்தை உருவாக்கிய மார்க்ஸ் பார்ஃபீல்டு. மூன்றாவது ஹெதர்விக். அதுவரை அவர் கட்டியதில் பெயர் பெற்ற பாலம், பாடிங்டன் கால்வாய் ஓரத்தில் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு நடைபாலம். படகு வந்தால் மரவட்டைபோல் சுருண்டுகொள்ளும், அற்புதமான சாதனம்தான். ஆனால் ‘தொடர்புடைய வடிவமைப்பு அனுபவம்’ என்ற தலைப்பிலும் மற்ற இருவரைவிட ஹெதர்விக்குக்கே அதிக மதிப்பெண் விழுந்தது. போட்டி முடிவதற்கு முன்பே மேயர் ஜான்சன் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், ஹெதர்விக்கையும் அருகில் வைத்துக்கொண்டு, ஆப்பிள் நிறுவனத்திடம் இந்தப் பாலத்துக்கு நிதி கேட்டிருந்தார். ‘ஆர்க்கிடெக்ட்ஸ் ஜர்னல்’ என்ற தொழில்முறைப் பத்திரிகை தகவல் அறியும் சட்டத்தைக் கையில் எடுத்து ஒவ்வொரு காகிதமாக வெளியே கொண்டுவந்த பிறகுதான் இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. யோசனை ஹெதர்விக்குடையது என்றால் போட்டி எதற்கு? பகிரங்கப் போட்டி என்றால் மற்ற இருவரையும் ஒப்புக்கு ஏன் உட்கார வைத்தார்கள்? பரிசு என்றால் முதல் கேள்வி எழாது. பொதுப்பணி என்றால் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டதால் இரண்டுக்கும் பதில் வரவில்லை. தேர்வு முறை திறந்ததாகவோ நியாயமானதாகவோ உண்மையான போட்டியாகவோ இருக்கவில்லை என்று பின்னால் வந்த விசாரணை முடிவு சொன்னது.

அடுத்து நடந்தது, பொதுப்பணத் திட்டங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி. தென்கரையில் பாலம் இறங்க வேண்டிய நிலம் காயின் ஸ்ட்ரீட் என்ற குடியிருப்போர் அமைப்பின் குத்தகையில் இருந்தது. அந்த நிலம் கைக்கு வரவில்லை. கட்டுமானச் செலவுக்கான நன்கொடை முழுதும் சேரவில்லை. பராமரிப்பு உத்தரவாதம் முடிவாகவில்லை. ஆனாலும் 2016இன் தொடக்கத்தில் அறக்கட்டளை பிரான்சின் பூய்க், இத்தாலியின் சிமோலை நிறுவனங்களின் கூட்டணியுடன் கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது. அந்த ஒரு கையெழுத்தால்தான் 2.14 கோடி பவுண்டு போனது. கட்டுமானம் தொடங்கும் முன் எவ்வளவு அரசுப் பணத்தைச் செலவழிக்கலாம் என்று ஒரு வரம்பு இருந்தது. அமைச்சர்கள் அந்த வரம்பைத் திரும்பத் திரும்ப உயர்த்தினார்கள். 2016 மே மாதம், திட்டம் கைவிடப்பட்டால் ஏற்படும் செலவையும் அரசே ஏற்பதற்கு உறுதி கேட்கப்பட்டபோது, போக்குவரத்துத் துறையின் தலைமை அதிகாரி அமைச்சர் எழுத்தில் ஆணையிட்டால்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டார். பிரிட்டிஷ் நிர்வாகத்தில் ஓர் அதிகாரி தன் அமைச்சரிடம் இப்படிக் கேட்பது அபூர்வம். இந்தச் செலவுக்கு நியாயம் சொல்ல என்னால் முடியாது, பொறுப்பு உங்களுடையது என்று அதற்குப் பொருள். ஆணை வந்தது.

அதே மாதம் மேயராகப் பதவியேற்ற சாதிக் கான் முதலில் பாலத்துக்கு ஆதரவாகவே பேசினார். ஏற்கெனவே இவ்வளவு செலவாகிவிட்டது, இப்போது நிறுத்தினால் அத்தனையும் வீண், முடித்துவிடுவதே லாபம் என்பது அவர் கணக்கு. கேட்பதற்கு இது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் செலவான பணம் எந்த முடிவிலும் திரும்பி வராது. இனி எவ்வளவு போகும், அதற்கு என்ன கிடைக்கும் என்பது மட்டுமே முடிவெடுக்கிறவர் பார்க்க வேண்டிய கணக்கு. போனதைக் காரணம் காட்டி மேலும் போட ஆரம்பித்தால், எவ்வளவு சீக்கிரம் அதிகமாகச் செலவழிக்கிறோமோ அவ்வளவு பலமாகத் திட்டம் நிலைத்துவிடும். நிலம் கிடைக்கும் முன் ஒப்பந்தம் போட்டதன் பலனும் அதுதான். யாரும் வேண்டுமென்றே திட்டமிட்டிருக்கத் தேவையில்லை, அவசரப்பட்டாலே போதும். கான் பிறகு சுதாரித்துக்கொண்டு, நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் முன்னாள் தலைவர் மார்கரெட் ஹாட்ஜிடம் விசாரணையை ஒப்படைத்தார். 2017 ஏப்ரலில் வந்த அவர் அறிக்கை இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. அதுவரை பொதுப்பணம் 3.74 கோடி பவுண்டு போயிருந்தது. நன்கொடையில் குறைந்தது 7 கோடி பவுண்டு பற்றாக்குறை. தெரியாத செலவுகளுக்குள் மேலும் இறங்குவதைவிட, தெரிந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு நிறுத்துவதே வரி கட்டுகிறவர்களுக்கு நல்லது என்றார் ஹாட்ஜ். அந்த மாதக் கடைசியில் கான் உத்தரவாதம் தர மறுத்தார். ஆகஸ்ட் 14 அன்று அறக்கட்டளை திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

இவ்வளவுக்கும் எதிர்வாதங்கள் உண்டு; சில வலுவானவை. பெரிய காரியம் எதுவும் எதிர்ப்பில்லாமல் நடந்ததில்லை, ஈஃபில் கோபுரத்தை எதிர்த்து 1887இல் பாரிஸின் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கண்டன அறிக்கை விட்டார்களே, இன்று அது இல்லாத பாரிஸ் உண்டா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் கோபுரத்தின் அழகை விட்டுவிட்டு அதன் கணக்கைப் பாருங்கள். பிரெஞ்சு அரசு கொடுத்தது 15 லட்சம் பிராங்க். மொத்தச் செலவில் கால் பங்குக்கும் குறைவு. மீதியைப் பொறியாளர் கஸ்டாவ் ஈஃபில் தன் பொறுப்பில் திரட்டினார். அதற்கு ஈடாக இருபது ஆண்டு வருமானம் அவருக்கு. கோபுரம் நிற்காமல் போயிருந்தால் முதலில் அழிந்திருப்பவர் ஈஃபில். லண்டன் ஐ விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான்: வடிவமைத்த டேவிட் மார்க்ஸ், ஜூலியா பார்ஃபீல்டு தம்பதி தங்கள் சொந்தச் சேமிப்பைப் போட்டு அதைத் தொடங்கினார்கள், முதலில் கிடைத்த அனுமதி ஐந்து ஆண்டுக்கு மட்டும். அந்தத் தம்பதியின் நிறுவனம்தான் தோட்டப் பாலப் போட்டியில் தோற்றது. எதிர்ப்பைத் தாண்டி நின்ற அந்தக் கட்டுமானங்களில் நம்பிக்கை வைத்தவர்கள் தங்கள் பணத்தையும் கூடவே வைத்தார்கள்.

இன்னொரு வாதம்: அழகைச் செலவு–பயன் கணக்கில் நிறுக்க முடியுமா? நிறுத்துப் பார்த்திருந்தால் எந்தக் கோயில் கோபுரம் எழுந்திருக்கும், எந்த ஏரி வெட்டப்பட்டிருக்கும்? இதை நான் ஒப்புக்கொள்கிறேன். நகரத்துக்கு அழகு வேண்டும். அதற்குப் பொதுப்பணம் செலவழிப்பதிலும் தவறில்லை. ஆனால் அழகுக்காகச் செலவழிக்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செலவழிக்க வேண்டும். நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவைப் பாருங்கள். 1980இல் கடைசி ரயில் ஓடிய பிறகு புல் மண்டிக் கிடந்த உயரமான தண்டவாளம். 1999இல் அக்கம்பக்கத்து மக்கள் இருவர் அதைக் காப்பாற்ற ஓர் அமைப்பு தொடங்கினார்கள். ரயில் நிறுவனத்திடமிருந்து கட்டுமானம் 2005இல் மாநகரத்தின் பெயருக்கு மாறியது, அடுத்த ஆண்டு வேலை, 2009இல் முதல் பகுதி திறப்பு. நகராட்சி கணிசமாகப் பணம் போட்டது. ஆனால் அது பூங்கா என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நகரத்தின் சொத்து, பூங்காத் துறையின் பொறுப்பு. அதனால் பூங்காவுக்கான கேள்விகளுக்கு அது பதில் சொல்ல முடிந்தது. தோட்டப் பாலத்தை ஆதரித்தவர்கள் அடிக்கடி ஹை லைனை மேற்கோள் காட்டினார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது உயரத்தில் செடி வளர்ப்பது ஒன்றுதான்.

ஹெதர்விக்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத் தேவையில்லை என்பதற்கும் நியூயார்க்கிலேயே சான்று இருக்கிறது. ஹட்சன் ஆற்றில் 132 கான்கிரீட் தூண்கள் பூக்கிண்ணம் போல விரிந்து தாங்கும் ‘லிட்டில் ஐலண்ட்’ பூங்கா அவர் வடிவமைத்ததுதான். லண்டனைப் போலவே அங்கும் சண்டை நடந்தது, வழக்குகள் நடந்தன; செலவும் 26 கோடி டாலரைத் தொட்டது. ஆனால் பணம் கொடுத்தது கோடீஸ்வரர் பேரி டில்லரின் குடும்பம். 2017 செப்டம்பரில் வழக்குகளால் வெறுத்துப்போய்க் கைவிடுகிறேன் என்று டில்லர் அறிவித்தபோது அதுவரை செலவான நஷ்டம் அவர் தலையில்தான் விழுந்தது. பிறகு சமரசமாகி 2021இல் திறக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவையும் அந்தக் குடும்பமே ஏற்றுக்கொண்டது. பணக்காரர் ரசனைக்கு நகரத்தின் ஆற்றை விட்டுக்கொடுக்கலாமா என்பது தனிக் கேள்வி, அதில் எனக்கும் சங்கடம் உண்டு. ஆனாலும் பரிசு என்று சொல்லிக்கொண்டு வந்தது பரிசாகவே வந்தது.

உள்ளூர்க்காரர்களின் சுயநலம்தான் நல்ல திட்டத்தைக் கெடுத்தது என்பதும் சொல்லப்பட்டது. தங்கள் வாசலில் கூட்டம் சேரக் கூடாது, தங்கள் ஆற்றுக் காட்சி மறையக் கூடாது என்று சிலர் நினைத்திருக்கலாம். வாட்டர்லூ பாலத்திலிருந்து செயின்ட் பால் தேவாலயம் தெரியும் காட்சி மறையும் என்பது உண்மையான புகார்தான். ஆனால் தென்கரைவாசிகளை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 1970களில் அந்த ஆற்றங்கரையை அலுவலகக் கோபுரங்கள் விழுங்கப் பார்த்தபோது பல ஆண்டு போராடி, 1984இல் நிலத்தைக் கைப்பற்றி, கூட்டுறவு வீடுகளும் பூங்காவும் ஆற்றோர நடைபாதையும் அமைத்தவர்கள் அவர்கள். பாலம் இறங்கவிருந்த நடைபாதையும் புல்வெளியும் அந்தப் போராட்டத்தில் கிடைத்தவைதான். பொது இடம் என்றால் என்ன, அதை யார் பராமரிப்பது, எவ்வளவு செலவாகும் என்பது அறக்கட்டளையின் கனவான்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கால்தான் பராமரிப்பு உத்தரவாதம் என்ற நிபந்தனை பொதுவெளியில் பேசுபொருளாயிற்று. திட்டம் கடைசியில் முட்டி நின்றதும் அங்கேதான்.

பல முகம் கொண்ட திட்டம் தோற்றால், தோல்விக்கும் ஒரு முகவரி இருக்காது. 2018 மார்ச்சில் லண்டன் பேரவையின் முன் சாட்சியம் சொல்ல வந்த ஜான்சன், திட்டத்தைக் கொன்றது தனக்குப் பின் வந்த மேயர் என்றார்; ஹாட்ஜின் விசாரணைக்கு அவர் ஒத்துழைக்கவே இல்லை. மேயரின் விருப்பத்தை நிறைவேற்றினோம் என்பது போக்குவரத்துக் கழகத்தின் நிலை. அமைச்சரின் எழுத்துப்பூர்வ ஆணை இருக்கிறது என்பது துறை அதிகாரிகளின் கவசம். மேயரின் ஆதரவு போய்விட்டதே என்பது அறக்கட்டளையின் வருத்தம். ஒவ்வொருவர் சொல்வதும் தனித்தனியாகப் பார்த்தால் உண்மைதான். 2019 பிப்ரவரியில் போக்குவரத்துக் கழகம் இறுதிக் கணக்கை வெளியிட்டது. ஏப்ரலில் அறக்கட்டளைகள் ஆணையம், முறைகேடு இல்லாவிட்டாலும் இது தோல்விதான், மக்கள் கோபப்படுவது நியாயம்தான் என்று சொல்லிக் கோப்பை மூடியது. ஜூலையில் போரிஸ் ஜான்சன் பிரதமரானார். கிழக்கே ராதர்ஹித்துக்கும் கனேரி வார்ஃபுக்கும் இடையே நடைபாலம் கட்டும் திட்டமும் அதே ஆண்டில் கைவிடப்பட்டது: மதிப்பீடு 46 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது, அவ்வளவு பணம் தங்களிடம் இல்லை என்று போக்குவரத்துக் கழகம் கட்டுமான ஒப்பந்தம் எதையும் போடுவதற்கு முன்பே கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டது.